தூர் வாருங்கள், கழுவிவிடாதீர்கள்

பெங்களூருவில் மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர், காக்ஸ் டவுன் பக்கம் பழைய தனி வீட்டுக்குக் குடிபோகிறவர்களில் சிலருக்கு, வீட்டோடு சேர்த்து ஒரு சிமெண்ட் தொட்டியும் வந்து சேரும். ஒரு காலத்தில் அல்லி பூத்த குளம். இப்போது தூங்குமூஞ்சி மரத்தின் இலை மக்கிய கறுப்புத் தண்ணீர், பாதி மூழ்கிய ஒரு பூந்தொட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பந்து.

பார்த்த உடனே வீட்டில் இரண்டு கட்சி பிரியும். மண்ணைக் கொட்டி மூடு என்பது ஒன்று. ஆளைக் கூப்பிட்டு ஒரே நாளில் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பு என்பது மற்றது. இரண்டாவதுதான் மோசம். கொசு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதைத் தின்னும் தட்டான் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் திரும்பிவந்து நிலைபெற மாதக்கணக்கில் ஆகும். தேய்த்துக் கழுவிய தொட்டி என்றால் கொசுவுக்கு எதிரியே இல்லாத தண்ணீர் என்று அர்த்தம். போதாததற்கு, ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும் முட்டை, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீர் மறுபடி ஏறியதும் பொரிந்துவிடும்.

அதனால் இந்த வேலையை மெதுவாகத்தான் செய்ய வேண்டும். ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் அந்த மெதுவு கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், அல்லது வந்துபோனால், தண்ணீரில் கை வைப்பதற்கு முன் கம்பி வலைக்கு ஆர்டர் கொடுங்கள்.

கம்பி வலை

ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும், நடக்கப் பழகும் குழந்தை மூழ்க. தலை கனம் என்பதால் குப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. சத்தமும் போடாது. "பாட்டி பாத்துப்பாங்க" என்பது ஏற்பாடு ஆகாது. பாட்டிக்கும் அடுப்பில் பால் இருக்கும்.

நல்ல கணக்கு இது. மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். மேலே 40க்கு 40க்கு 5 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கிளில் சட்டம். அதில் 8 மில்லிமீட்டர் கம்பியை 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பக்கமும் ஓடவிட்டு, சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் வெல்டிங். முழுதாக ஒரே வலையாகச் செய்தால் நூறு கிலோவை நெருங்கும், யாராலும் தூக்க முடியாது. ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வீதம் மூன்று பலகையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ வரும், இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம். நடுப் பலகையில் 60 சென்டிமீட்டர் சதுரத்தில் கீல் வைத்த ஒரு கதவு விட்டு, அதற்குப் பூட்டு போடுங்கள். தினசரி வேலை எல்லாம் அந்தக் கதவு வழியாகவே முடிந்துவிடும். துருப்பிடிக்காமல் இருக்க கால்வனைஸ் செய்வது உத்தமம். செலவு கட்டுப்படியாகாவிட்டால் இரண்டு கோட் ரெட் ஆக்சைடு, அதன்மேல் எனாமல், வருடம் ஒருமுறை மழைக்கு முன் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும்.

வலை தண்ணீரைத் தொடக் கூடாது. நீர்மட்டத்துக்கும் கம்பிக்கும் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பொருத்திய அன்றே பெரியவர் ஒருவர் நடுவில் ஏறி நின்று பார்க்க வேண்டும். அசைந்தால், வளைந்தால், குறுக்கே இன்னொரு ஆங்கிள் கேளுங்கள். வெல்டிங் கடையில் "அதெல்லாம் தாங்கும் சார்" என்பார்கள். ஏறி நின்ற பிறகு பணம் கொடுங்கள்.

75 மில்லிமீட்டர் சந்தில் தேரையும் தவளையும் தாராளமாகப் போய்வரும், அல்லிப் பூ மேலே எழும், குருட்டுக்கொக்கு மட்டும் மீனைக் கொத்த முடியாமல் விளிம்பில் தவம் கிடக்கும். கோழி வலையும் பச்சை ஷேட் நெட்டும் இதற்கு மாற்றல்ல. குழந்தை மேலே விழுந்தால் அவை தொய்ந்து, குழந்தையைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறக்கும். நைலான் வலை என்றால் பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும்.

வலைக்குப் பதில் வேலி போடுவதானால் உயரம் குறைந்தது 1.2 மீட்டர், நிற்கும் கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து கூடாது. கால் வைத்து ஏற வசதியாகக் குறுக்குக் கம்பியும் கூடாது, பக்கத்தில் நாற்காலியோ பூந்தொட்டியோ இருக்கவும் கூடாது. கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் மட்டும் வேலியையும் தாண்டி 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெங்களூரு மனைகளின் நெருக்கடியில் வேலியைவிட வலைதான் பெரும்பாலும் ஒத்துவரும்.

இரண்டுமே முடியாத வாடகை வீடா? தொட்டியைச் சதுப்பாக மாற்றிவிடுங்கள். அடியில் ஜல்லி, மேலே களிமண் கலந்த மண், அதன்மேல் பத்து சென்டிமீட்டர் கூழாங்கல். நீர்மட்டம் எப்போதும் கல்லின் மேற்பரப்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி, அந்த உயரத்திலேயே வெளிப்போக்குக் குழாய். திறந்த தண்ணீரே இருக்காது. வல்லாரையும் வசம்பும் இதில் நன்றாகவே வரும். குழந்தைக்கு ஐந்தாறு வயதானதும் மறுபடி தோண்டிக் குளமாக்கலாம்.

கை வைக்கும் முன் பாருங்கள்

ஒரு வாரம் எதையும் தொடாமல் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போனால் பகலில் தெரியாதது தெரியும். சுவரிலோ, தண்ணீருக்கு மேல் தொங்கும் இலையிலோ, சோப்பு நுரை போல வெளிறிய உருண்டை ஒட்டியிருந்தால் அது மரத்தவளையின் முட்டைக்கூடு. கழுவித் தள்ளாதீர்கள், சில நாளில் தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் சொட்டும். கறுப்பு மணி கோத்த சரம் போல நீளமாகக் கிடந்தால் தேரையின் முட்டை. சிவந்த சிறகுள்ள தட்டான்கள் மட்டுமே கூட்டமாகச் சுற்றினால் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். அழுக்குத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் வகைகளும் தட்டான்களில் உண்டு. ஊசித்தட்டான் உட்பட நாலைந்து வகை வந்தால்தான் தண்ணீர் தேறுகிறது என்று சொல்லலாம்.

இந்த ஊரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பெங்களூரு பெயரையே தாங்கிய ஒரு வளைத்தவளை இனம், ஸ்ஃபேரோதீகா பெங்களூரு, நகரத்தின் விளிம்பில் கண்டெடுக்கப்பட்டு 2020இல்தான் அறிவியலில் பெயர் பெற்றது.

அதே வாரத்தில் ஒழுகலையும் சோதித்துவிடலாம். கோடையில் இங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் ஆவியாகும். ஆறு சதுர மீட்டர் தொட்டியில் அது 30 முதல் 48 லிட்டர், 20 லிட்டர் பக்கெட்டில் ஒன்றரை முதல் இரண்டரை வரை. அதைவிட அதிகம் குறைகிறதா என்று அறிய, ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குள் செங்கல் மேல் வைத்து, பக்கெட்டுக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயிலின் வேலை. வெளியே அதிகம் இறங்கியிருந்தால் விரிசல். தண்ணீரை ஊற்றாமல் விட்டுவிட்டால் விரிசல் இருக்கும் மட்டத்தில் இறங்குவது தானாக நிற்கும். அந்த உயரத்தில் சுற்றித் தேடினால் இடம் அகப்படும்.

தூர் வாரும் பருவம்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்த ஊருக்குச் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதத்து மாலை மழையில் தவளைகள் கத்தத் தொடங்கும் முன் வேலை முடிந்திருக்கும். ஜூனில் தொட்டியைக் கலக்கினால் அந்த வருடத்துத் தலைப்பிரட்டை அத்தனையும் போச்சு.

இறங்குமுன் முழங்கால்வரை கம்பூட், முழங்கைவரை ரப்பர் கையுறை. இது சும்மா சடங்கு இல்லை. சகதிக்குள் டியூப்லைட் துண்டும் ஆணியும் கிடக்கும். எலி நடமாடும் தோட்டமென்றால் எலிக்காய்ச்சல் கிருமி தண்ணீரில் இருக்கலாம், காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலே உள்ளே நுழைந்துவிடும். வேலை முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், குளத்தில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் யோசிப்பார்.

நம் கணக்குத் தொட்டியின் ஆழம் 75 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு 4,500 லிட்டர். அடியில் 15 சென்டிமீட்டர் வண்டல் இருந்தால் அதுவே 900 லிட்டர். அதில் பத்து சென்டிமீட்டரை எடுத்தால் போதும். மிச்ச ஐந்து சென்டிமீட்டர், குளத்தின் உறைமோர். எடுக்க வேண்டியது 600 லிட்டர், 20 லிட்டர் பக்கெட்டில் முப்பது. ஈரச் சகதி தண்ணீரைவிடக் கனம் என்பதால் பாதிப் பக்கெட்டாக அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள், முதுகு நன்றி சொல்லும்.

அதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். தொட்டியை மனதில் மூன்றாகப் பிரித்து, முதலில் ஒரு பங்கு. மூன்று நான்கு வாரம் விட்டு அடுத்தது. காரணம் உண்டு. காற்றுப் புகாமல் மக்கிய கறுப்புச் சகதியில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மொத்தத்தையும் கலக்கிவிட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் சகதி உறிஞ்சிவிடும், மறுநாள் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்படி ஆகிவிட்டால் ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து அரைமணி நேரம் ஊற்றிக்கொண்டே இருங்கள், ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரையும் மாற்றுங்கள்.

வேலைக்கு முன் தண்ணீரில் பாதியைப் பக்கெட்டால் மொண்டு, அதில் கொள்ளும் மட்டும் 200 லிட்டர் நீல டிரம் இரண்டில் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். அகப்படும் மீன், தலைப்பிரட்டை எல்லாம் அதில். மொண்டதில் மீதியைச் செடிக்கு ஊற்றலாம், வாழைக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. எடுத்த வண்டலைத் தொட்டி விளிம்பிலேயே சாய்வாகக் குவித்து இரண்டு நாள் விடுங்கள். உள்ளே மாட்டிய நத்தையும் தட்டான் குஞ்சும் தாமாக ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பும். அதன்பிறகு வண்டல் மரத்தடிக்குப் போகட்டும். கீரைப் பாத்திக்கு வேண்டாம், பழைய தொட்டிக்குள் என்னென்ன ஊற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்.

ஆகாயத்தாமரை இருந்தால் வேரோடு ஒன்று விடாமல் எடுத்து வெயிலில் சருகாகக் காயவைத்து மக்கவிடுங்கள். பச்சையாக வெளியே வீசினால் மழையில் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏதோ ஒரு ஏரிக்குப் போய்ச் சேரும்.

விரிசல் இருந்தால் அதை இப்போது அடைக்கலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி விரித்து, தூசி போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே பாலிமர் கலந்த சிமெண்ட் சாந்து. அதன்மேல் குடிநீர்த் தொட்டிக்கென்று விற்கும் சிமெண்ட் பூச்சு இரண்டு கோட், ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. ஏழு நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். தார் பூசலாம் என்று மேஸ்திரி சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஹெச் பத்துக்கு மேல் ஏறும், விட்ட மீன் அன்றே செத்துப்போகும். நிரப்பி, மூன்று நாள் விட்டு, வடித்து, மறுபடி நிரப்பி என்று மூன்று தடவை செய்துவிட்டு, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் பிஹெச் தாளால் பாருங்கள். எட்டரைக்குக் கீழே வந்தால் சரி.

விரிசல் பல இடத்தில் என்றால் ஒட்டுப்போட்டு மாளாது. விவசாயப் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் ஹெச்டிபிஈ பிளாஸ்டிக் விரிப்பு வாங்குங்கள். நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கும், விளிம்புக்கு இரு பக்கமும் முப்பது சென்டிமீட்டரும் கூட்டினால் அளவு வரும். நம் தொட்டிக்கு 5.1க்கு 4.1 மீட்டர். அடியில் பழைய கம்பளம் விரித்து மேலே போட்டால் கல் குத்தாது.

எந்தத் தண்ணீர்

மழைத் தண்ணீருக்கு ஈடு இல்லை. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். முதல் இரண்டு மில்லிமீட்டரை, அதாவது புறா எச்சத்தோடு வரும் 200 லிட்டரை, வெளியே விட்டுவிட்டு மிச்சத்தைத் தொட்டிக்குத் திருப்புங்கள். போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தாலும் பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் அதில் பிராணவாயு குறைவு என்பதால் உயரத்திலிருந்து சிதறவிட்டு ஊற்றுங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின். தவிரவும், 2024 மார்ச் தட்டுப்பாட்டில் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் பாய்ச்சத் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்ததை இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வேறு வழியே இல்லையென்றால் டிரம்மில் பிடித்து இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்து, ஒருமுறைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள். அபார்ட்மெண்ட் எஸ்டிபி தண்ணீர், அதாவது சுத்திகரித்த கழிவுநீர், கூடவே கூடாது. அதிலிருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு விருந்து. பெள்ளந்தூர் ஏரி நுரை கக்கிய கதையில் சோப்புத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. துணி துவைத்த நீர் ஒரு பக்கெட் கூடத் தொட்டிப் பக்கம் ஓடக் கூடாது.

ஏரிக்குக் கலங்கல் மாதிரி தொட்டிக்கும் ஒரு வெளிப்போக்கு வேண்டும். மாடிக் குழாய் 110 மில்லிமீட்டர் என்றால் வெளிப்போக்கும் அதற்குக் குறையக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கும் ஊர் இது. வெளிப்போக்கின் வாயில் சிறு வலையை ஒட்டினால் இரண்டு இலை அடைத்து விளிம்பு வழியும். கூடை போல உப்பிய வலையாக மாட்டினால் அடைக்காது. வழிவது தெருச் சாக்கடைக்குப் போகாமல், மழைநீர் இறங்கும் குழிக்குப் போகட்டும்.

பச்சைத் தண்ணீருக்கு மயில்துத்தம் போடச் சொல்லும் யோசனை இன்னும் உலவுகிறது. தாமிரம் பாசியைக் கொல்லும், கூடவே நத்தையையும் தலைப்பிரட்டையையும் கொல்லும், செத்த பாசி அழுகி அடுத்த பாசிக்கு உரமாகும். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலை மூடினாலே பாசி அடங்கிவிடும். அதற்கு ஒரு பருவம் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

என்ன நடுவது

அல்லியைத் தரையில் நடாமல் ஓரடி அகல டப்பில் நடுங்கள். களிமண் போதும், சாணமும் மண்புழு உரமும் வேண்டாம், மேலே மூன்று சென்டிமீட்டர் கூழாங்கல். செடி சிறிதாக இருக்கும்போது செங்கல் அடுக்கி 20 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, இலை எழ எழ ஒவ்வொரு செங்கலாக எடுத்து 50 சென்டிமீட்டருக்கு இறக்கலாம். தண்ணீருக்குள் வேலம்பாசி ஒரு கைப்பிடி. மாதம் ஒருமுறை பாதியைப் பிடுங்காவிட்டால் குளம் அதனுடையதாகிவிடும். விளிம்பில், ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், வசம்பு, நீர்ப்பிரமி, ஆரை, வல்லாரை. எல்லாம் நம் பாட்டிகளின் அஞ்சறைப்பெட்டிக்கும் அடுக்களைக்கும் உறவானவை என்றாலும், இந்தத் தொட்டியில் வளர்வதைப் பறித்துத் துவையல் அரைக்க வேண்டாம். எலியும் தேரையும் புழங்கும் தண்ணீர். சம்பங்கோரை அழகுதான், ஆனால் அதன் கிழங்கு விரிப்பைக் குத்திக் கிழிக்கும். வேண்டுமானால் அடியில் ஓட்டையில்லாத பூந்தொட்டியில் மட்டும்.

கொசு

மே முதல் நவம்பர் வரை வாரம் ஒருமுறை, வெள்ளைக் கிண்ணத்தால் மூலைகளிலும் இலை ஓரத்திலும் பத்து முறை மொண்டு பாருங்கள். நெளியும் புழு தென்பட்டால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து, பாக்கெட்டில் போட்ட அளவுப்படி. மீனையோ தவளையையோ தட்டானையோ அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதைத் தின்னும் புழுவைத்தான் கொல்லும். கமா மாதிரி வளைந்து துள்ளும் கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, மருந்தும் அதற்கு ஏறாது. அதை டீ வடிகட்டியால் அள்ளிக் கொட்டுவதுதான் வழி. மருந்து போட்டும் கொசு போகவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. மண்ணெண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ ஊற்றினால் கொசுவுக்கு முன்னால் மற்றதெல்லாம் சாகும்.

டெங்குவுக்குக் குளத்தைப் பழிக்கும் முன் பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடி டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு மூன்றையும் பாருங்கள். ஏடிஸுக்கு எதிரி இல்லாத சிறு தண்ணீர்தான் பிடிக்கும். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்தபோது, கொசு வளரவிடும் நகர வீட்டுக்கு 400 ரூபாய் அபராதம் என்று வைத்தது. தட்டில் நிற்கும் தண்ணீருக்கும் அதே அபராதம்தான்.

மீன் விடுவதானால் கம்பூசியா வேண்டாம். 1928இல் மலேரியாவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு மீன் அது. கொசுப்புழுவோடு சேர்த்துத் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் கடிக்கும். நம் வயல் வாய்க்கால்களில் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டோடு நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும் சிறு மீன் உண்டு, கடையில் பாஞ்சாக்ஸ் என்று கேட்டால் தருவார்கள். ஆறு சதுர மீட்டருக்கு 15, 20 போதும். தீனி போடாதீர்கள், போட்டால் புழுவை யார் தின்பது? கோய் என்ற அலங்காரக் கெண்டை மீன் விட்டால் அது கோய்க் குளம், தவளைக் குளம் அல்ல. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மீன் தொட்டியிலிருந்து மிஞ்சிய சக்கர் மீனையும், கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட வெளிநாட்டு ஆமையையும் இதில் கொண்டுவந்து கொட்ட உறவினர்கள் முன்வருவார்கள். உறவு முக்கியம்தான், ஆனாலும் மறுத்துவிடுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு வண்ணம் பூசிய சிலையையும் இதில் கரைக்க வேண்டாம். சாயம் பூசாத களிமண் பிள்ளையாருக்குக்கூடத் தனி பக்கெட் நல்லது.

ஏறிவர வழி

செங்குத்துச் சிமெண்ட் சுவர் விழுந்த உயிருக்கு எமன். அணில், ஓணான், பூனைக்குட்டி, ஏன், வால் சுருங்கிக் கரையேற வேண்டிய குட்டித் தவளைக்கே அது சுவர்தான். ஒரு மூலையில் செங்கல்லால் படி கட்டுங்கள், அல்லது தென்னை நார்ப் பாயை விளிம்பிலிருந்து அடிவரை சாய்வாகத் தொங்கவிடுங்கள். சாய்வு 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். படி வெளிப்பக்கம் புதரில் முடியட்டும், சிமெண்ட் தரையில் முடிந்தால் குட்டித் தவளை வெயிலில் வதங்கிவிடும்.

தவளை வந்தால் தண்ணீர்ப் பாம்பும் வரலாம். கட்டம் போட்ட உடம்போடு நீந்தும் அது விஷமில்லாதது, சீண்டினால் கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் தோட்டத்துக்கு நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் இழுப்பது முக்கியமாக எலிதான். கல் குவியலையும் விறகையும் வீட்டு வாசலிலிருந்து தள்ளி வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். எது என்று தெரியாத பாம்பை விரட்டவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். பார்வையை எடுக்காமல் தள்ளி நின்று வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளருக்கோ சொல்லுங்கள்.

ஃபவுண்டன் பம்பு இந்தக் குளத்துக்குத் தேவையில்லை, அல்லிக்குத் தண்ணீர் தெறிப்பதே பிடிக்காது. இருந்தே ஆக வேண்டுமென்றால் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக மட்டும் இணைப்பு, வயர் குழாய்க்குள், பம்பு தண்ணீர் உறிஞ்சும் வாய்க்குப் பஞ்சு. தண்ணீரில் கை வைக்கும் முன் சுவிட்ச் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

குழந்தை விழுந்துவிட்டால்

வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருகிற அக்காவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தூக்கி மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் 108க்கோ 112க்கோ போன் செய்யட்டும். மூச்சு இல்லையென்றால் தலையை லேசாக அண்ணாக்கி, முதலில் ஐந்து முறை வாயால் மூச்சு ஊதுங்கள். அசைவு இல்லையென்றால் மார்பின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். அழுத்தம் மார்பு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது இரண்டும் நேரத்தைத் தின்னும், வயிற்றில் இருப்பதை மூச்சுக்குழலுக்குத் தள்ளும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நுரையீரல் சிக்கல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கூட்டம் கூடும் நாளில்தான் கவனம் சிதறும். கொலு வருவது சரியாகத் தொட்டி நிறைந்து தளும்பும் மாதத்தில். பத்து வீட்டுக் குழந்தைகள் சுண்டலோடு பின்பக்கம் ஓடும்போது "யாராவது பார்ப்பார்கள்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். பதினைந்து நிமிடத்துக்கு இன்னார் என்று பெயர் சொல்லி நிறுத்துங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. பந்தையும் பொம்மையையும் முன்கூட்டியே தொட்டிப் பக்கமிருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீரில் மிதக்கும் பந்தைவிடக் குழந்தையை இழுப்பது வேறொன்றுமில்லை.

வலைக்குப் பூட்டு வாங்கப் போகும்போது இரண்டாக வாங்குங்கள். வாசலில் காவிரித் தண்ணீர் பிடித்துவைக்கும் சம்ப்பின் மூடி பல வீடுகளில் வெறும் தகரம்தான். குளத்தைவிட அது ஆழம், ஏறிவரப் படியும் கிடையாது. அதைக் கழுவ ஆள் இறங்குவதானாலும், மூடியை முந்தின நாளே திறந்து காற்றோட விட்டு, மேலே இன்னொருவர் கயிற்றோடு நிற்காமல் இறக்காதீர்கள்.